எலுமிச்சங்காய் அளவு முட்டை

கணவர் இறந்து, மகளும் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு, பேச்சுத் துணைக்கென்று ஒரு கோழிக்குஞ்சு வாங்கி வளர்த்தேன். அது வளர்ந்து முட்டையிடத் தொடங்கியபோது ஒவ்வொன்றும் எலுமிச்சங்காய் அளவுதான் இருந்தது. ஏதோ நோய் என்று பயந்தேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராக்கள் எல்லாம் பூட்டிக் கிடப்பதால் யாரிடமும் கேட்கவில்லை. செத்துப்போவதற்குள் கறிக்கு விற்றுவிடலாமென்று கந்தப்பளை டவுன் கோழிக்கடைக்குத் தூக்கிப் போனேன்.

விஷயத்தைக் கேட்டுக் கடைக்கார முஸ்லிம் நானா சிரித்தார். "இப்பதானே முட்ட போடத் தொடங்கியிருக்கு. மொத முட்டைங்க சின்னதாத்தான் இருக்கும், போகப் போகப் பெருசாகும். இதச் சொல்ல லயத்துல ஒருத்தரும் இல்லையா?"

கோழியை அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இப்போது முட்டைகள் பெரிதாகிவிட்டன. நானும் சாயந்திரமானால் கீழ் லயத்துக்குப் போய், தெரிந்த விஷயத்தைக்கூட யாரிடமாவது கேட்டுவிட்டு வருகிறேன்.