தேன் போத்தலுக்குத் தக்கை திருகி

போன கிழமை மெல்பேணிலிருந்து வந்திருந்த என் அண்ணையின் மகள், மத்தியானச் சாப்பாட்டு மேசையில் ஒரு வைன் போத்தலைக் கொண்டுவந்து வைத்தாள். நான் எழும்பிக் குசினிக்குள் ஓடினேன். கரண்டிப் பெட்டி, அலுமாரியின் மேல்தட்டு, பழைய பிஸ்கற் ரின் எல்லாவற்றையும் கிளறினேன்.

"என்ன மாமி தேடுறியள்?"

"தக்கை திருகி."

"அது என்னத்துக்கு?" என்று கேட்டபடியே போத்தலின் கழுத்தைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினாள். கிரிக். அவ்வளவுதான்.

நான் பிஸ்கற் ரின்னை நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன். அப்பா இறந்த பிறகு திருகியைத் தேவாலயத்துக்கே கொடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் நினைவு வந்தது. வீட்டில் இல்லாத சாமானை வீடு முழுக்கத் தேடுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனாலும் ஒரு போத்தல் இவ்வளவு லேசாகத் திறந்துவிடக் கூடாது என்று மனம் அடம்பிடித்தது. தேவாலயத் திருவிருந்தில் தருகிற ஒரு மிடறு வைனுக்கு மேல் கண்டறியாத எனக்கு, போத்தல் எப்படித் திறந்தால் என்ன? நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். மேசையில் புளித்த கொடிமுந்திரிகைப்பழ வாசம் எழுந்தது. வாசத்தின் பின்னால் அப்பா வந்தார். அப்பாவின் பின்னால், வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் தலையைக் குனிந்துகொண்டு பின்வீட்டுச் செல்லத்துரையர் வந்தார்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். ஊருக்கு அவர் மாஸ்டர். மது ஒழிப்புக் கூட்டங்களில் கை ஓங்கிப் பேசுவார். எங்கள் சின்னத் தேவாலயத்தில் அப்பமும் வைனும் கொடுக்கிற திருவிருந்தின் சாமான்களும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. அதனால் ஒரு வேடிக்கை நேர்ந்தது. அச்சுவேலிப் பக்கத்து எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், குடிக்கிற வீடுகள் பல இருக்க, தக்கை இழுக்கிற திருகி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது குடியையே வெறுத்த மனிதரின் அலுமாரிக்குள் இருந்தது.

தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார மிஷன் அம்மா ஒருவர் எங்கள் அப்பப்பாவுக்கு விட்டுச் சென்ற சாமான்களுள் அது ஒன்று. மதுவை அடியோடு விலக்கிய அந்த அம்மாவின் வீட்டில் திருகி ஏன் இருந்தது என்று நான் ஒருமுறை கேட்டேன். "மருந்துப் போத்தல் திறக்க" என்றார் அப்பா. அவர் குரலில் இருந்த கண்டிப்பைக் கேட்டால், அந்த அம்மாவுக்கு வாழ்நாள் முழுக்க நோயும் வருத்தமும் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள்.

அதற்கு இரண்டு கை உண்டு. தலையைப் பிடித்துத் திருகத் திருக, முறுக்குக் கம்பி தக்கைக்குள் இறங்கும். இரண்டு கைகளும் மெல்ல மெல்ல மேலே எழும்பும். முழுவதும் இறங்கியதும் கைகள் தலைக்கு மேல் நிற்கும். அவற்றை அமத்தினால் தக்கை ஒரு பெருமூச்சோடு வெளியே வரும். செல்லத்துரையர் முதன்முதல் அதைக் கண்டபோது விழுந்து விழுந்து சிரித்தாராம். "எடே மாஸ்டர், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருந்து செபிக்கிற ஆக்கள். உங்கடை சாமான் நல்லூரான்ரை தேரைக் கண்டமாதிரிக் கையைத் தூக்கிக் கும்பிடுது!" அன்றிலிருந்து அதற்குக் கும்பிடுறவர் என்று பெயர். போதகர்கூடப் பிறகு அப்படித்தான் சொன்னார்.

இரவல் கேட்டு வருகிறவர்கள் ஒருவரும் உண்மை சொன்னதில்லை. மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது? ஒருவருக்கு வேப்பெண்ணெய்ப் போத்தலின் தக்கை இறுகிவிட்டிருக்கும். ஒருவருக்குப் பரியாரியார் கொடுத்த கசாயம். பெரும்பாலும் தேன். வன்னியில் இருந்து மச்சான் கொண்டுவந்த தேன், கைக்குழந்தையின் நாக்கில் தடவ வேண்டிய தேன். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் ஒழுங்கையில் தேன் பெருகி ஓடியது. அப்பா ஒவ்வொரு தடவையும் "தேனோ?" என்று கேட்பார். "ஓம் மாஸ்டர், தேன்" என்பார்கள். அப்பா எடுத்துக் கொடுப்பார். வந்தவர்கள் உடனே போகவும் மாட்டார்கள். தேத்தண்ணி குடித்து, மழையைப் பற்றியும் வெங்காயத்தைப் பற்றியும் கதைத்துவிட்டுத்தான் எழும்புவார்கள். திருகி திரும்பி வந்ததும் அப்பா அதைச் சுடுதண்ணியில் போடுவார். போடுமுன் ஒருமுறை மோந்து பார்ப்பார்.

"இந்தத் தேனீ பனங்காட்டுப் பக்கம் போயிருக்கு" என்பார், சிரிக்காமல்.

செல்லத்துரையரும் அப்படித் தேன் சொல்லித் திருகி வாங்கிய ஆள்தான். அப்பாவோடு ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து படித்தவர். எங்கள் வளவுக்குப் பின்னால் அவருடைய வீடு, அதற்கு அங்கால் புகையிலையும் வெங்காயமும். அவருக்கு ஒரே மகன், கேதீஸ். பிரச்சினைக் காலத்தில், மீசை சரியாக முளைக்கும் முன்னரே, காணியை ஈடுவைத்துப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். பிறகு அவன் ஒரு குரலாக மட்டும் இருந்தான். அந்தக் குரலும் தாயோடுதான் கதைக்கும்; தகப்பன் ரெலிபோனை வாங்கினால் "சுகமோ?" "ஓம்" "சாப்பிட்டியோ?" "ஓம்" என்று முடிந்துவிடும்.

சண்டை ஓய்ந்த சமாதான காலத்தில் ஊருக்குப் பாதை திறந்தபோது வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். கேதீசும் வந்தான். நான் அப்போது பள்ளிக்கூடமொன்றில் புதிதாகப் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். வேலிக்கு மேலால் பார்த்தால், முற்றத்தில் ஒரு அகன்ற தோளுடைய மனிதன் பல் விளக்கிக்கொண்டு நிற்பான். செல்லத்துரையர் சற்றுத் தள்ளி, மண்வெட்டியைத் தட்டுகிற சாட்டில் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வந்த நாள் அவன் பெட்டியைத் திறந்து, சேட்டுக்குள் சுற்றியிருந்த வைன் போத்தல் ஒன்றைத் தகப்பனின் கையில் கொடுத்துவிட்டு, "இது உங்களுக்கு அப்பா" என்று சொல்லி உடனே கிணற்றடிக்குப் போய்விட்டானாம். எங்கள் ஊரில் தகப்பனும் மகனும் ஒருவர் முன்னால் ஒருவர் குடிப்பதில்லை. சுருட்டைக்கூட ஒளிக்கிற ஊர். அந்தப் போத்தலைக் கொடுக்க அவன் எவ்வளவு தூரம் மனதுக்குள் நடந்திருப்பான் என்று இப்போது நினைக்கிறேன்.

அவன் திரும்பிப் போக இருந்ததற்கு முதல்நாள் பின்னேரம், ஒரு சனிக்கிழமை, செல்லத்துரையர் பொட்டுக்குள்ளால் வந்தார். தலையில் தண்ணி வார்த்துத் தோய்ந்து, திருநீறு பூசி, வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார்.

"மாஸ்டர், கும்பிடுறவரை ஒருக்காத் தா."

"தேனோ?" என்று கேட்டுக்கொண்டே அப்பா அலுமாரிப் பக்கம் எழும்பியும் விட்டார்.

"இல்லை. வைன்."

அப்பா நின்றார்.

"பொடியன் கொண்டந்தது. விடியப் போறான். அவனோடை இருந்து ஒரு கிளாஸ் குடிக்க வேணும் போல கிடக்கு. வந்த நாளிலையிருந்து ஓம், இல்லை எண்டதைத் தவிர ஒரு சொல்லுக் கதைக்கேல்லை, ரெண்டுபேரும். கையிலை ஒரு கிளாஸ் இருந்தால் ஏதேன் கதை வரும்தானே."

அப்பா திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

"நீ தேன் எண்டு சொல்லியிருக்கலாம், செல்லத்துரை."

"எத்தினை வரியமாச் சொல்லியாச்சு. இண்டைக்குப் பொய் சொல்ல மனம் வரேல்லை."

"தெரிஞ்சுகொண்டு எப்பிடித் தாறது? நாளைக்குத் திருவிருந்து."

"இவ்வளவு காலமும் தெரியாமலோ தந்தனீ?"

தன் கணக்குப் பிழைத்த இடத்தில்தான் அப்பா இன்னும் இறுகிப்போவார். கணக்கு வாத்தியார். பொய் என்ற திரை ஒன்று நடுவில் தொங்கும்வரை அவருக்கும் மனச்சாட்சிக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது. செல்லத்துரையர் வந்து அந்தத் திரையை ஒதுக்கிவிட்டார். நான் சமாதானம் செய்கிறேன் என்று நினைத்து, "ஆணியாலை தோண்டி எடுக்கலாம் மாமா, இல்லாட்டி உள்ளுக்குத் தள்ளிவிடலாம்" என்றேன். அந்த வயதில் எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வழி தெரிந்திருந்தது.

செல்லத்துரையர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவன் அங்கை பெரிய சாப்பாட்டுக் கடையிலை, சேட்டுக் கை கசங்காமல் போத்தல் திறக்கிறவன், பிள்ளை. நான் அவனுக்கு முன்னாலை ஆணியோடை நிக்கிறதோ?"

போகும்போது "சரி மாஸ்டர், வாறன்" என்று சொல்லித்தான் போனார். கோபமாகப் போயிருந்தால் அப்பா அன்றிரவு நித்திரை கொண்டிருப்பார்.

அடுத்த நாள் காலை கோயிலில், அப்பா திருவிருந்துப் போத்தலுக்குள் திருகியை இறக்கினார். கைகள் இரண்டும் மேலே எழும்பி நின்றன. அவர் அவற்றை அமத்தாமல் பார்த்துக்கொண்டே நின்றார். போதகர் ஒருமுறை செருமினார். ஆராதனை முடிந்ததும் அப்பா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. திருகியைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு பொட்டுக்குள்ளால் புகுந்தார். நான் பின்னால் போனேன். முற்றத்தில் வான் ஒன்று வந்துபோன ரயர் தடம் கிடந்தது. செல்லத்துரையர் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணி மாறி விட்டுக்கொண்டு நின்றார்.

"விடியவே போயிட்டான்" என்றார்.

அப்பா திருகியை நீட்டினார்.

"இப்ப என்னத்துக்கு, மாஸ்டர்? வீட்டிலை தேனும் இல்லை."

அவர்கள் கதைப்பதை நிறுத்திவிடவில்லை. மழை, வெங்காயம், சந்தை விலை, எல்லாம் முன்போலத்தான். ஆனால் செல்லத்துரையர் அதற்குப் பிறகு எதையும் இரவல் கேட்கவில்லை. போத்தல் அவர்களுடைய கண்ணாடி அலுமாரிக்குள், கேதீசின் பள்ளிக்கூடப் படத்துக்குப் பக்கத்தில் நின்றது. அவன் அடுத்த முறை வரட்டும் என்று வைத்திருந்தார். அடுத்த முறை வரவில்லை. பாதை மூடிச் சண்டை மறுபடி தொடங்கியது. அந்தக் காலத்துக்குள், தோட்டத்துக்குப் போன ஒரு காலை, செல்லத்துரையர் வரம்பில் இருந்தபடியே போய்விட்டார். கேதீஸ் வர வழியிருக்கவில்லை.

எட்டுச்செலவன்று அவருடைய மனைவி பூரணம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். சைவ சமய வீடுகளில் எட்டாம் நாள், செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். மாமியின் கையில் அந்தப் போத்தல் இருந்தது.

"ஒருக்காத் திறந்து தாங்கோ, மாஸ்டர்."

அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்தார். திருகி இறங்கியது, கைகள் எழும்பின, அப்பா அமத்தினார். நிமிர்ந்தபடி வருடக்கணக்காக நின்ற போத்தலில் தக்கை காய்ந்துபோயிருந்தது. பாதியில் முறிந்து தூளாகியது. மிச்சத்தை ஊசியால் கிள்ளிக் கிள்ளி எடுத்தார். வைன் புளித்து வினாகிரியாகி, தாங்கமாட்டாத மணம் எழும்பியது.

போத்தலை அவரே கொண்டுபோனார். ஒடியற்கூழ், ஆட்டிறைச்சிக் கறி, சுருட்டு, வெற்றிலை எல்லாம் இருந்த தலைவாழையிலைக்கு முன்னால், கோட்டுப் போட்ட என் அப்பா முழந்தாளில் இருந்து ஒரு கிளாசுக்குள் வார்த்தார். உறவுக்காரர் ஒருவர் மூக்கைச் சுழித்தார்.

"என்ன மாஸ்டர் உது, பழுதாப் போச்சோ?"

"இல்லை" என்றார் அப்பா. "நல்ல தேன்."

அதுதான் அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய்.

சண்டை முடிந்து, அப்பாவும் போன பிறகு, கேதீஸ் காணி விற்க வந்தான். தலை நரைத்திருந்தது. எங்கள் குசினிப் படியில் இருந்து தேத்தண்ணி குடித்தான். அந்தப் பின்னேரத்தைப் பற்றி நான் சொல்லத் தொடங்கினேன். அவன் கையைக் காட்டி மறித்தான்.

"தெரியும் அக்கா. அப்பா வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு உங்கடை பக்கம் போகேக்கையே விளங்கிட்டுது. நான் ரெண்டு கிளாஸ் எடுத்துக் கழுவித் துடைச்சு மேசையிலை வைச்சிட்டு இருந்தனான். திரும்பி வந்தார். கையிலை ஒண்டும் இல்லை. கிளாஸைப் பாத்தார், என்னைப் பாத்தார், மாட்டுக்கு வைக்கல் போட வேணும் எண்டு பின்னுக்குப் போயிட்டார். நான் கிளாஸை எடுத்து உள்ளுக்கு வைச்சிட்டன்."

தேத்தண்ணிக் கோப்பையைப் படியில் வைத்தான். பிறகு சொன்னான்: "என்ரை மோன் இப்ப எனக்கு முன்னாலையே போத்தலைத் திறந்து, உங்களுக்கும் ஒரு கிளாஸ் விடட்டோ எண்டு கேக்கிறான், அக்கா."

"நல்லதுதானே?"

"ஓம், நல்லதுதான்" என்றான். "எனக்குத்தான் என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை."

காணியை வாங்கினவர்கள் வேலியைப் பிடுங்கி, ஆளுயர மதில் கட்டிவிட்டார்கள். அங்கால் யார் இருக்கிறார்கள் என்று சத்தத்தை வைத்துத்தான் தெரியும். திருவிருந்துக்கு இப்போது கடைப் பழச்சாறு, பிளாஸ்ரிக் மூடியோடு வருகிறது. எங்கள் ஒழுங்கையில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்டுப் போவதில்லை. எல்லா வீட்டிலும் எல்லாம் இருக்கிறது. கேட்கிறவர் இல்லை, மறுக்கிறவர் இல்லை, மோந்து பார்த்துச் சிரிக்காமல் இருக்கிறவரும் இல்லை. எனக்கு இது வேண்டும், இதற்காகத்தான் வேண்டும் என்று, தோய்ந்து வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து உள்ளதை உள்ளபடி கேட்ட ஒரு மனிதர் எங்கள் வாசலில் நின்றார். அவரைத்தான் வெறுங்கையோடு அனுப்பினோம்.