கப்பல் திரும்பட்டும்

"ஓமோ? மெய்யாவோ? சீற்றெல்லாம் புதுசோ?" என்று மேசைமேல் கிடந்த தொலைபேசியிடம் கேட்டபடி குகதாசன் அண்ணை கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தார். சுவிஸில், பூம்ப்ளிஸில் எங்கள் கட்டடத்திலிருந்து யார் லண்டனுக்குக் காரில் போய்வந்தாலும் மறுநாள் பின்னேரம் அவருடைய அழைப்பு வரும். கலே துறைமுகத்தில் எத்தனை மணிக்குக் கப்பல் ஏறினீர்கள், கடல் எப்படி, காரை எந்தத் தளத்தில் விட்டார்கள் என்று எல்லாம் விசாரிப்பார். கடைசியில் ஒரு திருத்தம் சொல்லாமல் வைக்கமாட்டார்.

முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை அவருக்கு. ஆனால் ஊருக்குள் அவருடைய உத்தியோகம் கப்பல்தான். இருபத்திரண்டு வருடங்களாகக் காரோடு ஆங்கிலக் கால்வாயைக் கடக்கிறவர். லண்டனில் கலியாணம் என்றால் சனம் முதலில் அவரிடம்தான் வரும். "அவுஸ்வைஸ் அட்டை மட்டும் காணாது, பாஸ்போட்டையும் எடு. வெளிக்கிட முன்னம் டீசல் அடி, பிரான்ஸ் ஹைவேயில விலை கூட" என்று நின்ற நிலையில் சொல்லுவார். எனக்கும் லைசன்ஸ் இருக்கிறது. எல்லையில் இருக்கும் பாசலைத் தாண்டி நான் ஓட்டியதில்லை. விழாக்களில் அவரைச் சுற்றி ஆட்கள் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அவருடைய பெரிய வித்தை இறங்குவதில் இருந்தது. டோவர் துறைமுகத்துக்குள் நுழைந்ததும் கப்பல் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகக் கரையை அணைக்கும். அந்தச் சுற்றுத் தொடங்கிய உடனே அண்ணை எழுந்துவிடுவார். அறிவிப்பு வந்து மற்றவர்கள் படியில் நெருக்குப்படும்போது அவர் காருக்குள் பெல்ட்டும் போட்டு இருப்பார். அதற்கு முன் யாராவது எழும்பினால், "இருங்கோ, கப்பல் திரும்பட்டும்" என்பார். மடியில் ஐஸ்கிறீம் பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ் இருக்கும். அதில் ஒன்றைக்கூட எவருக்கும் நீட்டியதில்லை.

அன்று தொலைபேசியில் இருந்தவர் மூன்றாம் மாடிச் சண்முகலிங்கம். கால்வாயில் புதுக் கப்பல் விட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, அண்ணைக்கு முந்தி அவர் போய்வந்துவிட்டார். "கப்பலில்லை அண்ணை, ஹோட்டல். பெரிய கண்ணாடி. சத்தமே இல்லை. வழமையாக் கடலில சத்தி எடுக்கிற என்ர மனுசி இறங்க மனமில்லாமல் நிண்டவ."

"கடல் அண்டைக்குச் சும்மா கிடந்திருக்கும்" என்றார் அண்ணை. லீக்ஸ் மேல் கத்தி வேகமாக விழுந்தது.

"இன்னுமொரு விசயம் அண்ணை, இறங்கேக்கை…"

"இறங்கிறதை நீ எனக்குச் சொல்லித் தாறியோ?" அண்ணை தொலைபேசியை அணைத்துவிட்டார். மேசையின் மறுபக்கம் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த என்னிடம், "ஒருக்காப் போனவுடனை கப்டன் எண்டு நினைப்பு" என்றார்.

அடுத்த மாதம் லண்டனில் என் தங்கை மகளின் கலியாணம். நான் அவருடைய காரில்தான் போனேன். கிடைத்தது அதே புதுக் கப்பல். உள்ளே எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். சுவிஸின் இன்னொரு ஊரான ஓர்லிகோனிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் ஒவ்வொரு மூலையிலும் படம் பிடித்தது. அண்ணை மட்டும் கதிரையை அமுக்கிப் பார்த்து, "பழையதில பஞ்சு கூட" என்றார். அவருடைய மனைவி செல்வராணி அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டோவரின் வெள்ளைப் பாறைகள் கிட்ட வந்தன. காருக்குப் போகச் சொல்லி அறிவிப்பும் வந்தது. ஓர்லிகோன்காரர் பைகளைத் தூக்கினார்கள்.

"இருங்கோ, இருங்கோ! அது லொறிக்காரருக்கு. கப்பல் இன்னும் திரும்பேல்லை."

அவர்கள் இருந்தார்கள். நாங்களும் இருந்தோம். அண்ணை நிதானமாக ஒரு ரோல்ஸ் கடித்தார். சுற்றிவரக் கதிரைகள் காலியாகின. கப்பல் எங்கேயோ மெதுவாக இடித்து நின்றது. மஞ்சள் மேலங்கி போட்ட பணியாளர் ஒருவர் ஓடிவந்து கையை ஆட்டிக் கத்தினார். இந்தக் கப்பலுக்கு இரண்டு முனையும் ஒன்றுதான், முன்பக்கத்தாலேயே கார்கள் இறங்கும், அது திரும்பவே தேவையில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் படியால் விழுந்தெழும்பி இறங்கியபோது எங்கள் இரண்டு கார்களுக்கும் பின்னால் ஒரு வரிசை முழுவதும் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஓர்லிகோன்காரர் எங்களைப் பார்க்காமல் காருக்குள் ஏறினார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"சண்முகலிங்கம் சொல்ல வந்ததைக் கேட்டிருக்கலாம்" என்றார் செல்வராணி அக்கா. அண்ணை காரை எடுத்தார். திரும்பி வந்தபிறகு, முதல் தடவையாக, லண்டன் போய்வந்த யாருக்கும் அவர் அழைப்பு எடுக்கவில்லை.

போன சனிக்கிழமை பூம்ப்ளிஸ் மண்டபத்தில் ஒரு பிறந்தநாள் விழா. சண்முகலிங்கத்தைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். நானும் அண்ணையும் பக்கத்து மேசையில் இருந்தோம். புதிதாகக் கலியாணம் செய்த யதுஷா நேரே அண்ணையிடம்தான் வந்தாள். "அங்கிள், நாங்கள் வாற கிழமை லண்டன் போறம். நீங்கள் புதுக் கப்பலில போனனீங்களாமே? இறங்கேக்கை என்ன செய்யவேணும்?"

சண்முகலிங்கம் கதையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். அண்ணை தண்ணீர் குடித்தார். அவள் என்னைப் பார்த்தாள். "நீங்களும் கூடப் போனனீங்கள்தானே, சொல்லுங்கோவன்."

இத்தனை வருடத்தில் என்னிடம் கப்பலைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவள். நான் வாயைத் திறந்தேன்.

அண்ணை தன் தட்டில் மிச்சமிருந்த ஒரே ரோல்ஸை எடுத்து, என்னைப் பாராமல், என் தட்டில் வைத்தார்.