இன்னாசிமுத்துவின் ஊதாத் தண்ணீர்

பவுலினா பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்பக்கமெல்லாம் பழுப்புக் கறை. குடம் அவள் பிறந்த வீட்டுச் சீர். கறை அவள் புருஷனின் உத்தியோகம்.

"குடிக்கிற கொடத்துல மருந்து கரைக்காதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"பூவாளி ஒழுகுது பவுலினா. அதை அடைக்கிற வரைக்கும் புழு காத்துக்கினு இருக்குமா?"

இன்னாசிமுத்து, பாகலூர்ப் பக்கத்து சர்க்கார் பண்ணையில் மண்புழு எண்ணுகிறவர். இப்படியும் ஒரு வேலையா என்று யாராவது சிரித்தால் கோபித்துக்கொள்ளமாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளக்க உட்கார்ந்துவிடுவார். சிரித்தவர்தான் பஸ்ஸைத் தவறவிடுவார். வயல் முழுக்கத் தோண்ட முடியாதாம். அங்கங்கே ஒரு மரச்சட்டத்தை வைத்து, அதற்குள் இருப்பதை எண்ணி, மொத்த வயலுக்கும் மதிப்புப் போடவேண்டுமாம்.

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நீ நசுக்கிப் பாக்கலையா? அதேதான்."

"என் சோறு நெளியாது" என்பாள் பவுலினா.

எண்ணுவதற்கு இரண்டு வழி வைத்திருந்தார். மண்ணை வெட்டிச் சாக்கில் கொட்டி, கட்டியை உதிர்த்துப் பொறுக்குவது ஒன்று. இதில் முதுகும் ஒடியும், புழுவும் ஒடியும். துண்டானால் தலையை மட்டும்தான் எண்ணவேண்டும், இல்லாவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். பர்மாங்கனேட்டைக் கரைத்துச் சட்டத்துக்குள் ஊற்றுவது இன்னொன்று. ஊதாத் தண்ணீர் கீழே இறங்க இறங்க, புழுக்கள் பதறிக்கொண்டு மேலே வரும். "ஆழத்துல படுத்திருக்கிற சோம்பேறிங்க மட்டும் வராதுங்க" என்று குறைப்பட்டுக்கொள்வார், கல்யாணத்துக்கு வராத பங்காளிகளைச் சொல்வதுபோல.

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சாக்கடை ஓரமாகக் குனிந்து பார்ப்பார். சேமியா பாயசத்தைத் தொடமாட்டார். தூண்டிலுக்குப் புழு கேட்ட மைத்துனனோடு வெகுநாள் பேச்சு வார்த்தை இல்லை.

வினை வந்தது பக்கத்து ஊரான பேரிகையில். சந்தை நாளன்று, சந்தையை ஒட்டிய வயலில் மருந்தை ஊற்றிவிட்டார். காலரா வந்தால் சுகாதார இன்ஸ்பெக்டர் கிணற்றில் போடுகிறாரே, அதே மருந்து, அதே நிறம். கீரை விற்ற ஒருத்தி எட்டிப் பார்த்து, "அய்யோ, வாந்திபேதி வந்துடுச்சுடி!" என்றாள். காசு கொடுத்து வாங்கிய கத்தரிக்காயைக்கூட எடுக்காமல் சனம் ஓடிவிட்டது. அன்றிலிருந்து சுற்று வட்டாரத்தில் ஒருவரும் அவரை வரப்பில் கால் வைக்க விடுவதில்லை. வேலையோ தற்காலிகம். எண்ண வயல் கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு சீட்டுக் கிழிந்துவிடும் என்று பண்ணை ஆபீசர் சொல்லிவிட்டார்.

கடைசி நம்பிக்கை எல்லப்பன். பாகலூரில் பெரிய கேழ்வரகுக்காரர். அவர் சரியென்றால் மற்றவர்களும் சரியென்பார்கள். அவரைக் கையோடு கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார் இன்னாசிமுத்து. பவுலினா தேய்த்த குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து காபி போட்டுக் கொடுத்தாள்.

"பேடப்பா, பேட!" என்று கன்னடத்தில் வேண்டாமென்று கையை விரித்த எல்லப்பன் தமிழுக்கு இறங்கி வந்தார். "அவ்ளோ நல்ல தண்ணியா இருந்தா மொதல்ல உன் வூட்டு மண்ணுல ஊத்து. என் கண்ணு முன்னால ஊத்து. அப்புறம் என் நெலத்துக்கு வா."

அந்த வீட்டில் மண் என்று இருந்தது ஒரே இடம்தான். சமையலறைக்குப் பின்னால், பாத்திரம் கழுவிய தண்ணீர் பாயும் கனகாம்பரப் பாத்தி. ஞாயிற்றுக்கிழமை மாதா தேருக்கென்று பவுலினா வளர்த்தது. அதுவரை ஒரு பூவை யாரும் தொடக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

"ஒரு மூலை போதும் பவுலினா."

"உங்க சட்டத்தை எங்க வெப்பீங்க? செடியப் பிடுங்கிட்டுத்தானே?"

"செடி திரும்ப வரும்."

"தேரு திரும்ப வருமா?"

எல்லப்பன் சிரித்தார். "பாத்தியா முத்து? உன் பொண்டாட்டிக்கே பயம். நாங்க பயந்தா மட்டும் தப்பா?"

"எனக்கு என்ன பயம் அண்ணே? இவரு மருந்து கரைக்கிற கொடத்துத் தண்ணியிலதான் உங்களுக்குக் காபியே போட்டேன்."

எல்லப்பன் பாதி குடித்திருந்த டம்ளரை ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டு மெள்ளக் கீழே வைத்தார்.

இன்னாசிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். பொறுக்கி எடுக்கப் புழு இல்லாதபோது அந்த விரல்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது.

"என்ன சொல்ற பவுலினா? இவரு போயிடுவாரு."

பவுலினா குடத்தில் மீதியிருந்த தண்ணீரை அண்டாவில் சாய்த்தாள். பளபளத்த குடத்தை அவர் காலடியில் கொண்டுவந்து வைத்தாள்.

"பவுலினா, உன்னத்தான்."

ஆணியில் தொங்கிய பூக்கூடையை எடுத்துக்கொண்டு அவள் பின்கதவு வழியாகப் பாத்திக்குப் போனாள்.