எட்டு முள் எறும்பு

விருத்தாசலத்தில் பொம்மை வாங்கிப்போகிற யாருக்கும் அன்புக்கரசியைத் தெரியாது. ஆனால் அவர்கள் வீட்டுக் கொலுப்படியில் நிற்கிற பெருமாளுக்கும் செட்டியாருக்கும் முதலில் மூக்கு வைத்தது அவள் கைதான். தொழிற்பேட்டையில் கொளஞ்சிநாதனின் பீங்கான் பட்டறையில் அவள் அச்சு செய்கிறவள். களிமண்ணில் மூல உருவத்தைப் பிடித்து, அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி, இரண்டு பாதியாகப் பிரிகிற அச்சு எடுப்பாள். அதற்குள் மண்குழம்பை ஊற்றி மற்றவர்கள் பொம்மை எடுத்துக்கொள்வார்கள். "என் அச்சுல வராத உருவம் இன்னும் பொறக்கல" என்று அடிக்கடி சொல்லுவாள். நாளைக்கு வெயில் அடிக்கும் என்பதுபோல் சொல்வதால் அது பெருமையாகக்கூடத் தோன்றாது.

ஐப்பசியில் ஒருநாள் தென்றல் வந்தாள். பெண்ணாடத்துப் பெண். எறும்புகளைப் பற்றிப் படித்துவிட்டு, கடலூர்ப் பக்கம் பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறாள்.

"அக்கா, ஒரு எறும்பு வேணும். ஒரு மொழ நீளத்துக்கு."

"கடிக்கிறதா, கடிக்காததா?"

"எலைய வெட்டுறது."

கைப்பேசியில் படங்களைக் காட்டினாள். இலையைத் துண்டு துண்டாக வெட்டிப் புற்றுக்குச் சுமந்துபோகும் எறும்பு. இலையை அது தின்பதில்லை. அதன்மேல் பூஞ்சணம் வளர்த்து, அதைத்தான் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. மெக்சிகோ தொடங்கித் தென் அமெரிக்காவின் வடபாகம் வரையிலும், பக்கத்துத் தீவுகள் சிலவற்றிலும் அதன் குடியிருப்பு.

"நம்ம பக்கம் கெடையாதா?"

"எறும்புல கெடையாதுக்கா. இங்க கரையான்தான் அந்த வெவசாயம் பண்ணுது, காஞ்ச கட்டைய வச்சி."

"அசலூரு மாப்ளையா. அப்ப நல்லா விசாரிச்சிட்டுத்தான் செய்யணும்."

தென்றல் சிரித்துக்கொண்டே விவரம் சொன்னாள். இலைவெட்டிகளில் பெரிய வகைகள் இரண்டு. அட்டா என்பதற்கு முதுகில் மூன்று ஜோடி முள், உடம்பு வழவழப்பு. அக்ரோமிர்மெக்ஸ் என்பதற்கு நான்கு ஜோடி முள், உடம்பு சொரசொரப்பு. அவளுக்கு வேண்டியது இரண்டாவது.

"முழுப்பேரு அக்ரோமிர்மெக்ஸ் ஆக்டோஸ்பைனோசஸ். எட்டு முள்ளுன்னு பேருலயே இருக்குது. அப்பறம், செஞ்சவங்க பேரு அடியில இருக்கணும்க்கா. யாரு செஞ்சாங்கன்னு எங்க புள்ளைங்க கேப்பாங்க."

"என் பேரா?"

"ஒங்க பேருதான்."

இத்தனை வருஷத்தில் ஒரு பொம்மையின் அடியிலும் அவள் பெயர் இருந்ததில்லை. பட்டறையின் பெயரே ஒட்டுக் காகிதத்தில்தான் போகிறது. விலை பேசும்போது கொளஞ்சிநாதன் என்ன சொன்னார் என்பது அவள் காதில் விழவில்லை.

எறும்பு நன்றாகவே உருவாகிவந்தது. கால்களைக் கம்பியில் பூட்டிக்கொள்ளலாம் என்று உடம்பை மட்டும் மண்ணில் பிடித்தாள். சொரசொரப்புக்குச் சோளத்தட்டையின் நுனியால் குத்தினாள். ஆனால் கடைசி ஜோடி முள் பின்பக்கமாகச் சாய்ந்திருந்ததால், அச்சைப் பிரிக்கும்போதெல்லாம் பிளாஸ்டர் அதைக் கவ்விக்கொண்டது. பொம்மைக்காரர்கள் இந்த இடத்தில் யோசிப்பதில்லை. கொலு பொம்மையை முன்னால் நின்றுதான் பார்ப்பார்கள். அதன் முதுகைச் சுவர்தான் பார்க்கும். அச்சு கவ்வுகிற இடம் பின்பக்கம் என்றால் மழித்துவிடுவது வழக்கம். அவள் கையும் தன்பாட்டுக்கு மழித்துவிட்டது. சூளையில் ஒன்றிரண்டு உடைந்தாலும் போகட்டும் என்று கூடுதலாகவே எடுத்த எறும்புகளின் வயிற்றில், மண் ஈரமாக இருக்கும்போதே ஆணியால் தன் பெயரைக் கீறிச் சூளைக்கு அனுப்பினாள்.

வாங்கிப்போக வந்த தென்றல், பள்ளிப் பிள்ளைகள் செய்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாள். விரல் முதுகின் கடைசிக்குப் போய்த் திரும்பி வந்து, மறுபடியும் போயிற்று.

"அக்கா, பின்னாடி ஜோடி எங்க?"

"அது அச்சுல கவ்வுச்சி. எடுத்துட்டேன்."

கொளஞ்சிநாதன் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "எறும்புக்கு ரெண்டு முள்ளு கொறஞ்சா என்னம்மா, வந்து கேஸா போடப்போவுது? இன்னொண்ணு சொன்னியே, ஆறு முள்ளு. அந்தப் பேரச் சொல்லிடு."

"அது வழவழன்னு இருக்கும்ண்ணே. இது சொரசொரங்குது. இப்ப இது ரெண்டுலயும் சேராது. ஒலகத்துல எங்கயும் இல்லாத எறும்பு."

"அப்ப விருத்தாசலத்து எறும்புன்னு வச்சிடு. ஊருக்கும் ஒரு பேராச்சி."

தென்றலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பரவால்லக்கா, பொதுவா எலைவெட்டின்னு சொல்லிக்கிறேன். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துல புள்ளைங்க தொட்டுப் பாக்குற ரூமு தொறக்குறாங்க" என்றாள்.

"ஒங்க புள்ளைங்க எண்ணுவாங்களா?" என்று அன்புக்கரசி கேட்டாள்.

"எண்ணித்தான்க்கா பாப்பாங்க. அவங்களுக்குப் படம் கெடையாதே."

அன்புக்கரசி ஓர் எறும்பைக் கவிழ்த்துப் பார்த்தாள். எழுத்து அழகாகத்தான் விழுந்திருந்தது. மூலையில் கிடந்த சுத்தியலை எடுத்துவந்தாள்.

"ஏ அன்பு, என்னா பண்ற?"

"என் பேர ஒடைக்கிறேன்ண்ணே. கம்முனு இருங்க."

ஒன்றையும் விடவில்லை. சில்லுகளைக் கூட்டி அள்ளிவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தில் வருத்தம் இல்லை. "தப்பு என்னோடது, அச்சோடது இல்ல. பின்பக்கத்துக்குத் தனியா மூணாவது துண்டு போட்டா கவ்வாது. ரெண்டு துண்டுன்னா வேல சீக்கிரம் முடியும்னு கை பழகிப்போச்சி. நீ போயிட்டு வா தென்றலு. ரூமு தொறக்குறதுக்குள்ள எறும்பு வந்துடும்."

மூன்று துண்டு அச்சு சொன்னபடி பிரிந்தது. கடைசி முள் இரண்டும் விறைப்பாக நின்றன. சிக்கல் சூளையில்தான் வந்தது. கார்த்திகை நெருங்கிவிட்டதால் தட்டுகள் முழுக்க அகல்விளக்கு.

"எடமில்ல. அடுத்த சூட்டுல வச்சிக்க" என்றார் கொளஞ்சிநாதன்.

"அதுக்குள்ள அங்க ரூமு தொறந்துடுவாங்க."

"கார்த்திகையும் எனக்காவக் காத்திருக்காது."

"நீங்க அடுக்குற அழகுக்கு வெளக்கெல்லாம் கால நீட்டிப் படுத்திருக்குதுங்க. நவுருங்கண்ணே."

பூச்சுப் போடாததால் சூட்டில் ஒட்டிக்கொள்ளாத விளக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அவளே திரும்ப அடுக்கினாள். ஒரு தட்டு காலியாயிற்று. கொளஞ்சிநாதன் அதைப் பார்த்தும் பாராததுபோல் டீ சொல்லப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது அவள் கையில் ஆணி இருந்தது. "முள்ளு நிக்குதான்னு மொதல்ல பாத்துக்க. அப்பறம் பேரு போடு" என்றார்.

"சுட்ட மண்ணுல பேரு எறங்காதுண்ணே."

அது அவருக்கும் தெரியும். மெல்லிய முள்ளைச் சூடு என்ன செய்யும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. விரிசல் விட்டால், ஊனமான ஓர் எறும்பின் வயிற்றில் இரண்டாம் தடவையும் அவள் பெயர் இருக்கும். ஆணியைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றாள். பிறகு, முதல்முறை எழுதியதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில், ஊர்ப் பெயரையும் சேர்த்துக் கீறினாள்.

சூளை ஆறியதும் தென்றலும் வந்துவிட்டாள். ஓர் எறும்பில் மட்டும் முள்நுனி தெறித்துப் போயிருந்தது. அதை ஒதுக்கிவைத்த அன்புக்கரசி, முழுதாக வந்த ஒன்றைத் தென்றல் கையில் கொடுத்தாள். தென்றல் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. எட்டில் நின்ற விரல் தானாகவே வயிற்றுப் பக்கம் இறங்கி, எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் படித்தது.

"சரியா இருக்குதா?"

"இருக்குதுக்கா. எங்க புள்ளைங்க அடுத்தாப்புல அட்டா எங்கன்னு கேப்பாங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சாத்தான வித்தியாசம் புரியும்."

"அது ஆறு முள்ளு, வழவழன்னு. அதான?" அன்புக்கரசி கையிலிருந்த சூளைப்புழுதியைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "முதுகுப் பக்கத்த நல்லாப் படம் புடிச்சி அனுப்பு. மொகத்த நான் பாத்துக்கிறேன்."