தேதி இழந்த குரல்

அப்பா பேசுவதை அவ்வப்போது பதிவுசெய்து, பதிந்த தேதியையே கோப்பின் பெயராக வைப்பது என் வழக்கம். அந்தப் பதிவுகளைத் ஒழுங்குசெய்யும் பழைய மென்பொருள் புது விண்டோஸில் ஓடாது. அதற்காகவே உத்திரமேரூர் வீட்டுக் கணினிக்குள், விர்ச்சுவல் மெஷின் என்னும் இன்னொரு கணினியை அமைத்திருக்கிறேன்.

அப்பா இறந்தபின் வந்த தை மாதம், காஞ்சிபுரத்தில் மகள் வீட்டிலிருந்து இணையம் வழியாக அதில் நுழைந்தேன். வீட்டுக் கணினியில் செருகியிருந்த, பதிவுகள் உள்ள ஹார்டு டிஸ்க்கை அதனுடன் இணைத்து, அவற்றை ஒழுங்குசெய்துகொண்டிருந்தபோது உத்திரமேரூர் வீட்டிலிருந்து மனைவி போன் செய்தாள்.

“இன்னாங்க, மாமா பேச்சு கேக்கலாம்னு வந்தா, கம்ப்யூட்டர்ல டிஸ்க்கே காட்டல. லைட்டு மட்டும் மினுக்கிகினு கீது. புடுங்கி சொருவட்டா?”

“இதுக்கு ஒரு போனா? சொருவு.”

உள்ளே இருக்கும் கணினி எடுத்துக்கொண்ட டிஸ்க், வெளிக் கணினிக்குத் தெரியாது என்பது எனக்கு அந்த நேரம் உறைக்கவில்லை. என் திரை அப்படியே நின்றது. வேலை நடுவில் பிடுங்கியதால், அதன்பின் டிஸ்க் திறக்கவே இல்லை.

பதிவுகளை மீட்டுத் தந்த கணினிக் கடைக்காரர், “பேச்செல்லாம் வந்துச்சி சார், பேருங்கதான் போச்சி” என்றார்.

இப்போதெல்லாம் உள் கணினியிலிருந்து விடுவிக்காமல் டிஸ்க்கை யாரையும் தொட விடுவதில்லை. யாரைப் பதிவுசெய்தாலும் முதலில் தேதியை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பதிவுகளில் கடைசி எது என்றுதான் தெரியவில்லை. எல்லாவற்றையும் அவர், நான் சாப்பிட்டேனா என்று கேட்கும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறார்: “நாஷ்டா ஆச்சா நைனா?”