குறைந்தது ஆறு பீஸ்

மார்ச் மாதக் கடைசியில், பள்ளி விடும் நேரத்துக்கு, வாசலுக்கு எதிரே உள்ள கரும்புச்சாறு வண்டியருகே ஒரு பெண்மணி நின்றுகொண்டு வெளியே வரும் பிள்ளைகளின் தோளையும் உயரத்தையும் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தால் யாரும் பயப்பட வேண்டாம். அது நான்தான். தாம்பரத்தில் இருபது வருடங்களாக யூனிபார்ம் கடை நடத்துகிறேன். ஜூன் மாதத்தில் எந்தப் பிள்ளை எந்த சைஸுக்குள் நுழையும் என்பதை மார்ச்சிலேயே சொல்லிவிட வேண்டிய தொழில் இது. பெற்ற தாய்க்கே தெரியாத விஷயம் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஈரோட்டுப் பக்கம் உள்ள தையல் யூனிட்டுக்கு ஆர்டர் போய்விட வேண்டும். மே கடைசியில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஜூனில் மூன்று வாரம் கடையில் நிற்க இடம் இருக்காது. அதன்பிறகு ஈ ஓட்ட வேண்டியதுதான். குறைவாக வாங்கியிருந்தால் அந்த மூன்று வாரமும் கையை விரிக்க வேண்டும். அதிகமாக வாங்கியிருந்தால் மிச்சம் அடுத்த ஜூன் வரை அலமாரியில் தூங்கும். நடுவில் பள்ளிக்கூடம் டிசைனை மாற்றிவிட்டால் ஒரேயடியாகத் தூங்கிவிடும்.

அப்படி ஒருமுறை மாற்றினார்கள். கடை தொடங்கிய இரண்டாவது வருடம் அது. மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்று யூனிட்காரர் சொன்ன பேச்சில் மயங்கி, பச்சைக் கட்டம் போட்ட சட்டைகளை இரண்டு வருடத்துக்குச் சேர்த்து வாங்கிப் போட்டேன். அடுத்த வருடமே கட்டம் போய்க் கோடு வந்துவிட்டது. அதன்பின் இரும்புலியூரில் எங்கள் வீட்டில் தலையணை உறை பச்சைக் கட்டம், மிக்ஸிக்கு உறை பச்சைக் கட்டம், அடுப்படியில் கைப்பிடித் துணியும் பச்சைக் கட்டம். வீட்டுக்கு வந்த நாத்தனார், "என்ன அண்ணி, அண்ணனுக்கு மட்டும் இன்னும் தைக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இனி என் கடையில் விற்காத சரக்கு என்று ஒன்று இருக்கவே கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அதற்காக ஒரு நோட்டுப் போட்டேன். பள்ளி வாரியாக, வகுப்பு வாரியாக, சைஸ் வாரியாக எத்தனை வந்தது, எத்தனை போனது, எத்தனை மிஞ்சியது என்று எல்லாம் அதில் இருக்கும். அதை வைத்துத்தான் அடுத்த வருட ஆர்டர். கண்ணளவுக்குக் கரும்புச்சாறு வண்டி, கணக்குக்கு நோட்டு. சில வருடங்களிலேயே ஆகஸ்ட் பிறக்கும்போது என் அலமாரி துடைத்துவைத்த மாதிரி இருக்கத் தொடங்கியது. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து எப்படி என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தத் திமிரை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், நான் செய்தது அதிலிருந்துதான் வந்தது.

எங்கள் கடைக்குப் பெரிய வாடிக்கை ஒரு பள்ளிக்கூடம். அதன் யூனிபார்ம் எங்களிடம் மட்டும்தான் கிடைக்கும். கோடு போட்ட அந்தத் துணி யூனிட்டிலிருந்து தைத்த உடையாகத்தான் வரும். மீட்டர் கணக்கில் யாரும் விற்பதில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பெண்பிள்ளைகளுக்குச் சுடிதாரும், மேலே அந்தக் கோடு போட்ட ஓவர்கோட்டும். அதில் நாற்பதாம் சைஸுக்கு மேல் நான் வாங்குவதில்லை. காரணம், நோட்டில் நாற்பதுக்கு மேல் விற்றதே இல்லை.

அந்த வருடம் ஜூன் இரண்டாவது வாரம், கடை நிறையக் கூட்டம். மேடவாக்கத்தில் அடுக்குமாடி வீடுகளில் சமையல் வேலை செய்யும் ஓர் அம்மா, காலை வேலையை முடித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் நேராகக் கடைக்கு வந்திருந்தார். கூடவே மகள். ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறவள். அம்மாவை விட ஒரு தலை உயரம், நல்ல வாட்டசாட்டம். கூட்டத்தில் யாருக்கும் இடைஞ்சலாகிவிடக் கூடாது என்பதுபோல் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். ஒரு நாற்பதை எடுத்துக் கொடுத்துத் திரைக்குப் பின்னால் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

வெளியே வந்தாள். நின்ற விதத்திலேயே தெரிந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"கரெக்டா கீதும்மா" என்றாள். அதைச் சொல்வதற்கு மூச்சு விட வேண்டியிருந்தது. பக்கத் தையல் படபடவென்று விட்டுப்போனது.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பிள்ளை மேல் பரிதாபம் வரவில்லை, பீஸ் போயிற்றே என்றுதான் வந்தது.

"பெருசு இல்லியாக்கா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"நாப்பதுக்கு மேல நான் வெக்கிறதில்லம்மா. ஸ்கூல் பிள்ளைங்களுக்கு அந்த சைஸெல்லாம் வராது."

"ஆர்டர் குடுத்து வாங்கித் தாங்கக்கா. எத்தினி நாள் ஆனாலும் பரவால்ல."

"ஒரு சைஸுல கொறஞ்சது ஆறு பீஸ் எடுத்தாத்தான் தைப்பாங்க. உன் பொண்ணு ரெண்டு எடுத்துப்பா. மீதி நாலை நான் போட்டுக்கவா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்ட நேரத்தில் இப்படி ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெண் உடை மாற்றத் திரைக்குப் பின்னால் போனவள், வெகு நேரம் வெளியே வரவில்லை. வேறு ஒரு பிள்ளை காத்திருக்கிறாள் என்று நான்தான் குரல் கொடுத்தேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் நாற்பதிலேயே இரண்டு செட் வாங்கிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் வேறு துணி வைத்து ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் யோசனை சொன்னேன்.

ஜூலையில் ஒரு மத்தியானம் அந்த அம்மா மட்டும் திரும்பி வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. நானும், வார விடுமுறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரும்தான்.

"ஸ்கூல்ல பேஜார் பண்றாங்கக்கா. சைடுல வேற கலரு தெரியுதாம். பிரேயர்ல தனியா நிக்க வெச்சுடறாங்க. பொண்ணு வூட்டுக்கு வந்து சாப்டவே மாட்றா. ரெண்டு செட்டுக்கு நாலு செட்டு காசு வேணா குடுக்கறேன்க்கா. தீபாவளிக்குன்னு எடுத்து வெச்சது கீது."

"சீசன் முடிஞ்சிடுச்சும்மா. இப்போ போட்டா மிஞ்சுறது டெட் ஸ்டாக்தான். அடுத்த வருஷம் பாக்கலாம்."

நான் ஒரு டப்பாவைத் திறந்து பட்டன்களைப் பிரிக்கத் தொடங்கினேன், பேச்சு முடிந்தது என்று காட்ட. அவர் போனதும் என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஆறுதானே. போட்டுடேன்" என்றார்.

"கடைய நீங்க நடத்தறீங்களா, நான் நடத்தறேனா?"

அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். எப்போதும் அப்படித்தான், என்னை எதிர்த்துப் பேச மாட்டார். அன்றைக்காவது என்னோடு சண்டை போட்டிருக்கலாம் என்று பிற்பாடு அவர் மேல் எரிச்சல்பட்டிருக்கிறேன். என் குற்றத்தில் பாதியை இறக்கிவைக்க ஓர் ஆள் வேண்டுமே.

அடுத்த மார்ச்சில் வழக்கம்போலக் கரும்புச்சாறு வண்டியருகே நின்றேன். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் வெளியே வந்தபோது என்னையறியாமல் அந்த உயரத்தைத் தேடினேன். இரண்டு நாள் தேடியும் காணவில்லை. மூன்றாம் நாள், கடைக்கு வந்து பழக்கமான ஒரு பிள்ளை சாறு குடிக்க வந்தாள். அவளிடம் கேட்டேன்.

"அவளா ஆன்ட்டி? அவ அரையாண்டு லீவுக்கு அப்புறம் வரவே இல்லியே. டெய்லி பிரேயர்ல நிக்க வெச்சாங்கல்ல. பசங்க பேரு வெச்சிக் கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க."

என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. கையிலிருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் அவளை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள், கேலி செய்தவர்கள் இருக்கிறார்கள், என் பங்கு இதில் எவ்வளவு என்று வழியெல்லாம் வாதாடிக்கொண்டே வந்தேன். ஆனால் முதலில் சிரிக்கவைத்தது நான்தான். ஆறு துணி வாங்கிப் போட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

அந்த ஏப்ரலில் ஆர்டர் தாளில் முதல்முறையாக நாற்பத்து நான்கு என்று எழுதி, பக்கத்தில் ஆறு என்று போட்டேன். இரண்டு அவளுக்கு. மீதி நான்கு மிஞ்சினால் மிஞ்சட்டும், பச்சைக் கட்டத்தோடு அதுவும் வீட்டில் கிடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். இதை ஒரு பெரிய தியாகம் என்றே நினைத்தேன்.

சரக்கு வந்தது. இரண்டைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு நான்கை அலமாரியில் அடுக்கி, நாற்பத்து நான்கு என்று சீட்டு ஒட்டினேன். ஜூன் பிறந்த முதல் வாரத்திலேயே நான்கும் போய்விட்டன.

வாங்கியவர்கள் புதிதாக வந்தவர்கள் இல்லை. போன வருடம் என்னிடம் நாற்பது வாங்கிப்போன அதே தாய்மார்கள். "அக்கா, இந்த சைஸ் இருக்கா? சொல்லவே இல்லியே! வருஷம் பூரா கோட்டுக்குப் பட்டன் போடாமலே ஓட்டினா" என்றார் ஒருவர். இன்னொருவர், பெரிதாக இருந்தாலும் பக்கத்தில் பிடித்துத் தைத்துக்கொள்கிறேன், இறுக்கமாக மட்டும் வேண்டாம் என்று வாங்கிப்போனார். அவருடைய மகள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போன வருடம் கடையில் சிரிப்பு எழுந்தபோது அவள் எங்கே நின்றிருந்தாள் என்று யோசித்தேன்.

நோட்டை எடுத்துப் புரட்டினேன். பத்துப் பன்னிரண்டு வருடக் கணக்கு. நாற்பதுக்கு மேல் ஒன்றுகூட விற்கவில்லை. விற்கவில்லைதான், நான் வாங்கி வைத்திருந்தால்தானே விற்கும்! கடையில் இல்லாததைக் கேட்டவர்களை நான் எழுதவில்லை. கேட்கக் கூசிக்கொண்டு கிடைத்ததை வாங்கிப்போனவர்களை நாற்பதுக்காரர்கள் என்று எழுதியிருக்கிறேன். இவ்வளவு நாள் பொக்கிஷமாக வைத்திருந்த நோட்டு என் அலமாரியைத்தான் எனக்கே திருப்பிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஊரிலுள்ள பிள்ளைகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அவ்வளவு புத்திசாலித்தனமும் இப்படி முடிந்ததில் எனக்கு அழுகை வந்தது.

தனியாக எடுத்துவைத்த இரண்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஒருநாள் அவள் வீட்டைத் தேடிப் போனேன். ஏரிக்கு அந்தப் பக்கம், மாதா கோயில் தாண்டி மூன்றாவது தெரு என்று, சாறு குடிக்க வந்த அந்தப் பிள்ளை பிற்பாடு கடைக்கு வந்தபோது சொல்லியிருந்தாள். தெருமுனை வரைக்கும் போனேன். குழாயடியில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். யாரைப் பார்க்கணும் என்று ஒருவர் கேட்டார். படிப்பை விட்டுவிட்ட பிள்ளைக்கு யூனிபார்ம் கொண்டுவந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? தெரு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். ஜூலையில் அந்த இரண்டும் விற்றுப்போயின.

அதன்பிறகு நோட்டின் பின்பக்கத்தில் இன்னொரு கணக்கு தொடங்கினேன். 'இல்லை' என்று சொல்லி அனுப்பியவை. அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் இப்போது முன்பக்கத்தைப் பார்க்கிறேன். நாற்பத்து இரண்டு, நாற்பத்து நான்கு, ஒடிசலான பிள்ளைகளுக்கு இருபத்தாறு, எல்லாம் வாங்குகிறேன். வருடா வருடம் சிலது மிஞ்சத்தான் செய்கிறது. மிஞ்சட்டும்.

இந்த ஜூனில் அவள் வந்தாள்.

முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சாம்பல் நிறச் சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை. கூடவே தங்கை, அதே வளர்த்தி. "நைன்த்துக்கு ரெண்டு செட்டு ஆன்ட்டி" என்றபோதுதான் குரல் பிடிபட்டது. இப்போது தோளைக் குறுக்கவில்லை. அவள் கண் அலமாரிச் சீட்டுகளின்மேல் வரிசையாகப் போய்க் கடைசியில் நின்றது.

"இப்பல்லாம் இந்த சைஸ் வருதா ஆன்ட்டி?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"வருதும்மா" என்றேன்.

தங்கைக்கு நாற்பத்து இரண்டு கொடுத்தேன். திரைக்குப் பின்னாலிருந்து வந்த தங்கையின் முன்னால் அக்கா போய் நின்று, "கைய மேல தூக்கு. இப்ப நல்லா மூச்ச இழுத்து வுடு. இன்னொரு தடவ" என்றாள். தையல் அப்படியே இருந்தது. சரி என்று தலையாட்டினாள்.

மடித்துக்கொண்டே, எங்கே வேலை என்று கேட்டேன். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அந்தப் பக்கம், கம்பெனி பஸ் வருகிறது என்றாள். பத்தாவதை வீட்டிலிருந்தே தனியாக எழுதினாளாம். "கம்பெனில மொத நாளே அளவு எடுத்துட்டாங்க ஆன்ட்டி. மறுநாளே மூணு செட்டு குடுத்துட்டாங்க" என்று சட்டையின் ஓரத்தைப் பிடித்துக் காட்டினாள்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எத்தனையோ தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள்தான். கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவளைப் பார்த்துச் சிரிக்கவைத்தபோதும் நின்றிருந்தார்கள், அப்போது எனக்கு வாய் வந்தது. இப்போது வரவில்லை. பையை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "காசு வேணாம்மா, எடுத்துட்டுப் போ" என்றேன்.

அவள் பர்ஸைத் திறந்து நோட்டுகளை எடுத்துக் கல்லாவின்மேல் வைத்தாள்.

"காசு இருக்கு ஆன்ட்டி. அன்னிக்கும் இருந்துச்சு."