கூட்டாளியின் சளி

பீங்கான் கம்பெனிங்க நிறைஞ்ச எங்க விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டுல யார் இருமினாலும் ஒரே வைத்தியம்தான், வெல்லம். பீங்கான் மாவு தொண்டையில போய் உக்காந்துக்கும், வெல்லம் தின்னா வழுக்கிட்டு வயித்துக்குள்ள போயிடும்னு எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. சாயங்காலம் முதலாளியே ஆளுக்கு ஒரு கட்டி குடுப்பார். பொம்மைக்குச் சாயம் தீட்டுற எனக்கு அவ்வளவா தூசி இல்லை. ஆனாலும் என் பங்கை நான் விட்டதில்லை.

எங்க வூட்டுக்காரர் பக்கத்துக் கம்பெனியில பீங்கான் மாவை ஃபியூஸ் கட்டையா அழுத்துற மிஷின்ல நின்னார். எங்க ரெண்டு பேருக்கும் எச்.ஐ.வி. இருக்குதுன்னு தெரிஞ்சு கொஞ்ச காலம்தான் ஆகியிருந்துச்சு. அழுது முடிச்சு, சண்டை போட்டு முடிச்சு, சரி பொழைப்பைப் பார்ப்போம்னு இருந்த நேரம். ஊர்ல யாருக்கும் சொல்லலை. கடலூர் பெரியாஸ்பத்திரியில ஆலோசனை சொல்ற அம்மா மட்டும் ஒண்ணு திருப்பித் திருப்பிச் சொன்னாங்க. "உங்களுக்கு டி.பி. சுலபமா வந்துடும். இருமல் நிக்கலைன்னா சளியை டெஸ்ட் பண்ணிடுங்க."

அந்த வருஷம் மாசி மகத்துக்கு முன்னாடி அவருக்கு இருமல் பிடிச்சுது. தேர் ஓடி, ராட்டினக்காரங்க மூட்டை கட்டிப் போனாங்க. இருமல் போகலை. சாயங்காலம் ஆனா உடம்பு கதகதன்னு சுடும். சட்டை தோள்ல தொள தொளன்னு தொங்குச்சு.

"மாவு இருமல்டி. உனக்கு எல்லாத்துக்கும் பயம்"னு வெல்லத்தை வாயில போட்டுக்குவார்.

"யோவ், வெல்லம் தின்னே போய்ச் சேரப்போறியா?"ன்னு கத்துவேன். கோவம் வந்தா எனக்கு ‘ங்க’ எல்லாம் வராது.

இவர் பயம் வேற. மிஷினுக்கு எதிர்ல நிக்கிற கூட்டாளியும் இவரும் தினம் ஒரே டீதான் வாங்குவாங்க. பாதி இவர், அதே கிளாஸ்ல மீதி கூட்டாளி. காசுக்காக இல்லை, பழக்கம். டி.பி.ன்னு சொல்லிட்டா ஏன் வந்துச்சுன்னு பேச்சு வரும், எல்லாம் வெளிய வரும், அப்புறம் அந்தக் கிளாஸை அவன் தொடமாட்டான்னு இவருக்குப் பயம். அட பாவி மனுஷா, உசுரை விட அந்த அரை கிளாஸ் டீ பெருசான்னு கேட்டேன். இன்னொரு கட்டி வெல்லத்தை வாயில போட்டுக்கிட்டார்.

இழுக்காத குறையா விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். எச்.ஐ.வி. விஷயத்தை அங்க வாயே திறக்கலை. சளி வரலைன்னு இவர் சாதிச்சதால, காலையில எடுத்துட்டு வாங்கன்னு டப்பா குடுத்தாங்க. மறுநாள் வேலைக்குப் போற வழியில குடுத்துட்டேன்னு வந்து சொன்னார். பரவாயில்லையே, திருந்திட்டாரேன்னு மீன் குழம்பு வெச்சுப் போட்டேன்.

ரிசல்ட் கேக்கப் போன அன்னிக்கு நர்ஸம்மா சொன்னாங்க, "சளியில கிருமி இருக்குதும்மா."

எத்தனை மாசம் மாத்திரைன்னு நான் கேக்க வாயெடுத்தேன். இவர் என்னடான்னா துள்ளி எழுந்தார். "அது எப்படி வரும்? அது என் சளியே இல்லீங்களே!"

நர்ஸம்மா என்னைப் பார்த்தாங்க. நான் இவரைப் பார்த்தேன். அப்புறம் எல்லாம் வெளிய வந்துச்சு. "எனக்கு வரமாட்டேங்குது மச்சான், கொஞ்சம் துப்பிக் குடு"ன்னு கூட்டாளிகிட்ட டப்பாவை நீட்டியிருக்கார். அந்த மனுஷனும் ஏன் எதுக்குன்னு கேக்காம தாராளமா குடுத்திருக்கார். குண்டுக்கல்லு மாதிரி ஆளு, அவருக்கு என்ன இருக்கப்போவுதுன்னு இவர் கணக்கு. ஆஸ்பத்திரின்னு பார்க்காம நான் திட்டின திட்டுல வரிசையில இருந்தவங்கல்லாம் இருமலை நிறுத்திட்டாங்க.

கூட்டாளியை வரவழைச்சு திரும்ப டெஸ்ட் பண்ணாங்க. கிருமி இருந்துச்சு. இவர் டப்பாவில துப்புறதை இந்தத் தடவை நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன். அதுல கிருமி இல்லை.

"பாத்தியா? நான் சொன்னேன்ல, மாவு இருமல்னு"ன்னு இவருக்கு ஒரே கொண்டாட்டம். டாக்டருக்கு மட்டும் மனசு ஒப்பலை. ஆளை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "வேற ஏதாவது வியாதி இருக்குதா?"ன்னார். நான் எழுந்து, வெளிய இருந்த கூட்டாளிக்குக் கேக்காம மெதுவா உண்மையைச் சொன்னேன். அவர் உடனே நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார். எச்.ஐ.வி. இருக்கிறவங்களுக்கு சளியில கிருமி பல நேரம் தெரியாதாம். படத்துல டி.பி. தெரிஞ்சுது.

பஸ்ஸுல வரும்போதுதான் எனக்கு உறைச்சுது. இவர் ஒழுங்கா தன் சளியைக் குடுத்திருந்தா, ஒண்ணும் இல்லைன்னு சொல்லி அனுப்பியிருப்பாங்க. வெல்லம் வாங்கிட்டு வூட்டுக்கு வந்திருப்போம். இவரோட திருட்டுத்தனம்தான் ரெண்டு உசுரைக் காப்பாத்துச்சு. இதை இவர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். சொன்னா தலைகால் புரியாது.

முதல்ல டி.பி. மாத்திரை, உடம்பு பழகினதும் எச்.ஐ.வி. மாத்திரைன்னு டாக்டர் சொல்லிட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்து நர்ஸம்மா முன்னாடி முழுங்கணும். "மச்சான், இந்த மாத்திரையால எனக்கு ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போவுது, உனக்கு?"ன்னு கூட்டாளி சத்தமா கேப்பார். எனக்கு மானம் போவும்.

ஒருநாள் கூட்டாளி யோசனையா கேட்டார். "என் சளியில கிருமி, மாத்திரை குடுக்கிறாங்க. உன்னுது சுத்தம்னாங்களே, உனக்கு எதுக்குடா மாத்திரை?"

"அது வந்து... மாவு..."ன்னு இவர் ஆரம்பிச்சார். இன்னொரு பொய்யை என்னால தாங்க முடியலை.

"அண்ணே, எங்க ரெண்டு பேருக்கும் எச்.ஐ.வி. இருக்குது. அதான்."

அவர் இவரையே பார்த்தார். மாத்திரையை முழுங்கினார். எழுந்து போயிட்டார்.

அடுத்த முறை பெஞ்சு காலியா இருந்துச்சு. இவர் மாத்திரையைக் கையில வெச்சுக்கிட்டு கேட்டையே பார்த்தார். "நிம்மதியா உனக்கு?"ன்னு என்னைக் கேட்டார். அந்த மனுஷன் எங்களால மாத்திரையை விட்டுட்டா என்ன ஆவறதுன்னு எனக்குப் பயம்.

அப்பத்தான் கூட்டாளி உள்ளேயிருந்து வந்தார். சட்டைக் கை மடிச்சிருந்துச்சு, முழங்கை மடிப்புல பஞ்சு. பெஞ்சோட அந்தக் கோடியில போய் உக்காந்தார். எங்க வூட்டுக்காரர் முகம் செத்துப்போச்சு.

"மூஞ்சை ஏன்டா அப்படி வெச்சிருக்கே? முகத்துக்கு நேரா இருமக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க. என் இருமலை உன் உடம்பு தாங்காது. அதான் தள்ளி உக்காந்தேன்."

"கையில என்னண்ணே?"ன்னேன்.

"டி.பி. இருக்கிறவங்க எச்.ஐ.வி.க்கும் ரத்தம் பார்த்துக்கணுமாமே. குடுத்துட்டு வந்தேன். பயப்படாத தங்கச்சி, இது என் ரத்தமேதான்."

நர்ஸம்மா சிரிச்ச சிரிப்புல கையில இருந்த தண்ணி சிந்திடுச்சு. அவர் ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னு அப்புறம் தெரிஞ்சுது.

மாத்திரை எல்லாம் முடிஞ்சு, ரெண்டு பேருக்கும் குணமாயிடுச்சுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு, ஆஸ்பத்திரி வாசல்ல கூட்டாளி எனக்கு ஒரு டீ தனியா சொல்லிட்டு, அவங்களுக்கு ஒரே ஒரு டீ சொன்னார். எங்க வூட்டுக்காரர் பாதி குடிச்சார். கிளாஸைக் குடுக்கலாமா வேணாமான்னு கையிலயே வெச்சுக்கிட்டு நின்னார்.

"குடுடா, ஆறிப்போவுது"ன்னு பிடுங்கிக் குடிச்சுட்டு, "பாதிக்கு மேல குடிச்சிருக்கான் பாரு தங்கச்சி"ன்னு கூட்டாளி என்கிட்ட புகார் சொன்னார்.